ஆட்டம் தெரிந்த இரண்டு பேர்

மாமா,

இன்று காலை கம்பெனி பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டியதும், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் குனிந்து தன் முழங்காலில் வலி ஸ்பிரே அடித்துக்கொண்டாள். முதலில் அந்தச் சீறல். பின்னாலேயே அந்த வாசனை. "இன்னாக்கா, கண்ணெல்லாம் எரியுது" என்று யாரோ கத்த, பஸ் முழுக்க ஜன்னல்களைத் திறந்தார்கள். நான் மட்டும் என் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன் சட்டைகளில் இருந்த வாசனை முதல் கோடைக்கே போய்விட்டது. யாரோ ஒருத்தியின் கைப்பையிலிருந்து நீ வந்து நிற்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நாம் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதியதே இல்லை. பேசினோம், இல்லாவிட்டால் பந்தை உதைத்துக்கொண்டோம். இப்போது இரண்டுக்கும் ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். பேச்சில் உன்னை 'நீ' என்றுதான் சொன்னேன். எழுத்தில் மரியாதையைக் கூட்டினால் நீ யாரோ மாதிரி ஆகிவிடுவாய்.

உன் சாவுக்கு வந்தவர்கள் பேசியதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. நல்ல டிரைவர். லோடு என்றால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பான். ஒரு வம்புக்கும் போகமாட்டான். எல்லாம் நிஜம்தான். ஆனால் நீ ஒரு ஆட்டக்காரன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. உத்திரமேரூர் தாலுகாவிலேயே அந்த ஆட்டம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் பாடையில் கிடந்தான். இன்னொருத்தி வாயடைத்துப்போய் மூலையில் உட்கார்ந்திருந்தாள். வேறு யார் சொல்வது?

நம் கல்யாணத்துக்கு முன்பு காவாந்தண்டலம் வாலிபால் டீமில் நெட்டுக்கு மேலே எழும்பி அடிக்கிற ஆள் நீதான் என்று கேள்விப்பட்டிருந்தேன். உத்திரமேரூரில் குடித்தனம் வைத்து, சின்ன யானை என்று எல்லோரும் சொல்கிற அந்தக் குட்டி லோடு வண்டியை ஓட்ட ஆரம்பித்ததும் அது நின்றுபோனது. பிறகு ஒரு கோடையில் ஏனாத்தூர் பக்கம் ஒரு மைதானத்துக்குப் பந்தல் சாமான் இறக்கப் போனாய். பாதி நாற்காலிகளை இறக்கிவிட்டு வண்டி நிழலில் நின்றபோது, உள்ளே சில பேர் விசித்திரமான ஒரு பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பந்து எல்லை தாண்டி உன் தலைக்கு மேல் பறந்து வந்தது. துரத்திக்கொண்டு வந்த இரண்டு பேருக்கு மேலே எழும்பி நீ அதை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாய்.

அங்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டில் இருந்தபோது அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தவர். அவர் உன்னை இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னார். நீ பிடித்தாய். அன்றைக்கு அவர்களுக்கு ஒரு ஆள் குறைந்தது. மீதி நாற்காலிகள் வண்டியிலேயே இருக்க, நீ செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். பந்தல்காரர் போனில் உன்னைத் திட்டிய திட்டு வீட்டில் எனக்கே கேட்டது.

அன்று சாப்பிடும்போது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"மே, பந்து பப்பாளிக்கா மாரி கீது. கையால புடிக்கலாம், காலால ஒதைக்கலாம், ஆள இடிக்கலாம். கோலு காக்கற ஆளு கெடையாது, நெட்டு கெடையாது. நாலு கம்பம். நடு ரெண்டுக்குள்ள போனா ஆறு பாயிண்டு. பக்கத்துல போனா ஒண்ணு."

"தப்பாப் போனாலும் ஒண்ணு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க மே."

"எந்த ஊரு ஆட்டம் அது?"

"ஆஸ்திரேலியாக்காரன் ஆட்டமாம்."

"அவங்க ஆட்டத்த நீ எதுக்கு மாமா ஆடற?"

சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாய். "அது எனக்கு வருது மே" என்றாய். அவ்வளவுதான் உன் விளக்கம். படிப்பு உனக்கு வரவில்லை, பேச்சு வரவில்லை, ஆளை ஏமாற்ற வரவில்லை. வருகிற ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாய். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

மாஸ்டர் உனக்கு ஒரு பழைய பந்தைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏனாத்தூர் போவாய். மற்ற நாட்களில் விடிந்ததும் காய்ந்துகிடக்கும் ஏரிக்குள் இறங்கி, தனியாக உதைத்து, ஓடிப்போய் எடுத்து, மறுபடி உதைத்துக்கொண்டிருப்பாய். ஆடு மேய்க்க வருகிறவர்கள் உனக்குப் 'பப்பாளி பிளேயர்' என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு நாள் லோடுக்குப் போன் வந்ததால் உன்னைக் கூப்பிட நான் ஏரிக்குள் இறங்கி வந்தேன். பந்து உருண்டு என் காலடியில் வந்து நின்றது. எடுத்து உன்னிடம் எறிந்தேன்.

"எறியாதமே! எறிஞ்சா ஃபவுலு. ஒரு கையில வெச்சிக்கினு இன்னொரு கையால குத்தணும். இல்லாட்டி ஒதைக்கணும்."

"எனக்கு இன்னா ஃபவுலு? நான் இன்னா ஆடவா வந்தேன்?"

"வந்துட்ட இல்ல. ஒதை."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உதைத்தேன். பந்து பக்கவாட்டில் எங்கோ போனது. நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எதிரே போய் நின்று, மெதுவாக ஒருமுறை உதைத்துக் காட்டினாய். பந்தை இரண்டு கையாலும் நெட்டுக்குத்தாகப் பிடித்து, கீழே விட்டு, புறங்காலில் வாங்கி. நான் பார்த்துப் பார்த்து அப்படியே செய்தேன். அந்த லோடு அன்றைக்குப் போகவில்லை. மறுநாள் விடிந்ததும் நீ கதவருகில் நின்றுகொண்டு, "வர்ரியாமே?" என்று கேட்டாய். வந்தேன். அதற்குப் பிறகு நீ கேட்டதில்லை, நானும் நின்றதில்லை.

ஊர் பேசியது. பொம்பளை ஏரிக்குள் பந்து உதைக்கிறாள் என்று பேசியது. அதைவிட அத்தை பேசியதுதான் எனக்கு வலித்தது. உன்னைப் பெற்றவள். நமக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று ஊரில் உள்ள சாமிக்கெல்லாம் காசு முடிந்துவைத்துக்கொண்டிருந்தவள். "கோயிலுக்குப் போங்கன்னா ஏரிக்குப் போறீங்க. இப்டி எகிறிக் குதிச்சிக்கினு இருந்தா வவுத்துல இன்னா தங்கும்?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

அவளேதான் என்னைத் திருப்புட்குழிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குளத்தில் முழுகி, வறுத்த பயற்றை மடியில் கட்டிக்கொண்டு படுத்தேன். விடிவதற்குள் அது முளைத்தால் பிள்ளை உண்டு என்பார்கள். காலையில் மடியை அவிழ்த்தேன். என் பக்கத்தில் படுத்திருந்தவளின் பயறு முளைவிட்டிருந்தது. அவள் அழுதுகொண்டே தாயார் சன்னதிக்கு ஓடினாள். என் பயறு கட்டியபடியே இருந்தது. தாயாரைக் குறை சொல்லமாட்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நீ என்னிடம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு, சாயங்கால வெயிலிலேயே ஏரிக்கு நடந்தாய். நான் பின்னால் வந்தேன். நீ அன்றைக்குப் பந்தை உயர உயர உதைத்தாய். நான் விட்டுக்கொண்டே இருந்தேன். விட்டதை எடுத்து ஆத்திரத்தோடு திருப்பி உதைத்துக்கொண்டே இருந்தேன். அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இருட்டுகிற நேரத்தில் ஒரு பந்து நேராக என் தலைக்கு மேல் வந்தது. எழும்பினேன். பிடித்துவிட்டேன். இரண்டு கையிலும் அது வந்து அறைந்து நின்றது. நீ தூரத்திலிருந்து, "மார்க்கு!" என்று கத்தினாய். உயரத்தில் வரும் பந்தைப் பிடித்தால் அந்த ஆட்டத்தில் அதுதான் பெயர். ஏரி முழுக்க அந்தச் சத்தம் போனது. பிறகு கிட்டே வந்து என் கையிலிருந்த புழுதியைத் தட்டிவிட்டாய். அவ்வளவுதான் நீ செய்த ஆறுதல். அதற்குப் பிறகு யார் என்ன ஆறுதல் சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

உன் ஆட்டம் வளர்ந்தது. மாஸ்டர் உங்களை ரயிலில் ஏற்றி வடக்கே போட்டிகளுக்குக் கூட்டிப்போனார். டீமில் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், காலேஜில் படித்தவர்கள், விளையாட்டு வாத்தியார்கள். அவர்கள் நடுவில் நீ ஒருவன் லோடு வண்டிக்காரன். ஆனால் பந்து உயரே போனால் எல்லோரும் உன் பெயரைத்தான் கத்துவார்கள் என்று மாஸ்டர் என்னிடம் சொன்னார். பிறகு அந்த ஆட்டம் பிறந்த மெல்போர்னில், பல நாட்டுக்காரர்கள் கூடி ஆடும் போட்டிக்கு உன்னையும் சேர்த்துக்கொண்டார்கள். போகிற செலவை யாரோ புண்ணியவான்கள் ஏற்றுக்கொண்டார்கள். நீ விமானம் ஏறியபோது நான் கம்பெனி வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். லீவு கேட்கப் பயந்து வழியனுப்பக்கூட வரவில்லை. உன் விமானம் கிளம்பும் நேரத்துக்கு, கார்களுக்குப் போகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கே நீங்கள் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றீர்கள். சாதாரணத் தோல்வியும் இல்லை. போனில் நீ அதைச் சொன்னபோது உன் குரலில் துக்கமே இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஏதோ தீவு நாட்டுக்காரனுங்க மே. ஒவ்வொருத்தனும் நம்ம வூட்டு நெலவாசப்படி ஒசரம். குளுரு வேற. கையில வெரலு கீதா இல்லியான்னே தெர்ல. கடைசி ஆட்டத்துல ஒருத்தன் தோளு மேல ஏறி ஒண்ணு புடிச்சேன் மே. சுத்தி நின்னவங்க கை தட்டனாங்க. நம்ம ஆளுங்க இல்ல, அந்த ஊருக்காரங்க."

"அப்புறம்?"

"புடிச்சவனுக்கு ஒதைக்க வுடுவாங்க இல்ல. ஒதைச்சேன். நேரா போச்சி. கடைசில காத்து தள்ளிடுச்சி. கம்பத்துல போய் டங்குனு அடிச்சிச்சி. கம்பத்துல பட்டா ஒரு பாயிண்டு."

உலகக் கணக்கில் உன் பெயரில் இருப்பது அந்த ஒரே ஒரு பாயிண்ட்தான். எனக்கு அது தாங்கவில்லை. இத்தனை வருஷம், இத்தனை விடியற்காலை, அதற்கு ஒன்றுதானா என்று இருந்தது. உனக்கோ, நீ உதைத்த பந்து அந்த ஊரில் சத்தம் போட்டது என்பதே போதுமாக இருந்தது.

ஆட்டம் பார்க்க வந்த தமிழ்க்காரர் ஒருவர் அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். உனக்குக் கடையில் வேலை, தங்க இடம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், திரும்பிப் போகாதே என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்க நீ போன் செய்தபோது எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸ் திறந்தபடி இருந்தது.

"இன்னாமே சொல்ற?" என்றாய்.

"உன் இஷ்டம் மாமா" என்றேன்.

"உன்ன அப்பறம் கூட்டிக்கலாம்ன்றாரு."

"உன் இஷ்டம்தான்னு சொல்றேன் இல்ல."

"செரி, வெச்சிட்றேன்" என்றாய். அதற்குப் பிறகு போன் வரவில்லை. நீ அங்கேயே இருந்துவிட்டாய் என்று முடிவு செய்தேன். அத்தையிடம் சொல்லவில்லை. உன் லுங்கிகளைத் துவைத்து மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன். ஏரிப் பக்கம் போகவில்லை.

ஒரு காலை கதவைத் திறந்தால், ஒரு பையோடு நிற்கிறாய். உதடெல்லாம் வெடித்திருந்தது. "பசிக்குது மே. நாஷ்டா இன்னா கீது?" என்றாய். இட்லி வைத்தேன். உன்னைப் பார்க்காமலேயே வைத்தேன். ஏன் வந்தாய் என்று கேட்க எனக்கு வெகு நாள் பிடித்தது. ஏரிக்குள் வைத்துத்தான் கேட்டேன்.

"அங்க எங்கப் பாத்தாலும் பச்சப் புல்லு மே. எல்லாரும் ஒதைக்கிறான், எல்லாரும் புடிக்கிறான். நான் ஒருத்தன் இல்லன்னா அங்க யாருக்கும் ஒண்ணும் கொறையாது. இங்க நான் இல்லன்னா நீ ஒதைக்கிற பந்து சும்மா கீழ வுழும்."

அப்படிச் சொன்னவன்தான் நீ.

உனக்கு ஊரில் ஒரு பேனர் வைத்தார்கள். அதில் உன் படத்துக்குப் பக்கத்தில் உருண்டைக் கால்பந்தைப் போட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. "வுடு மே, உருண்டையா இருந்தாதான் ஜனங்களுக்குப் புரியும்" என்றாய். சால்வை போட்டார்கள். விளையாட்டுக்காரர்களுக்கு என்று ஒதுக்கிய அரசாங்க வேலைக்குக் கேட்டுப் பார்த்தாய். அந்த ஆட்டம் எங்கள் கணக்கில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளே வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு செங்கல் லோடுக்குப் போனாய்.

பிறகு ஒவ்வொருவராக விலகினார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் பெங்களூருக்கும் வேறு எங்கெங்கோவும் போனார்கள். மாஸ்டருக்கு உடம்பு முடியாமல் போய், ஏனாத்தூர் ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. கடைசியாக ஆடிய போட்டியில் உன் முழங்கால் திருகிக்கொண்டது. ஆபரேஷன் செய்யச் சொன்னார்கள், நீ ஸ்பிரே அடித்துக்கொண்டு வண்டி ஓட்டினாய். ஆனால் ஏரி நிற்கவில்லை. நீ ஒரே இடத்தில் நின்று உதைப்பாய். ஓட்டமெல்லாம் என்னுடையது. மழை பெய்து ஏரி நிரம்பினால் ஊரே சந்தோஷப்படும். நாம் இரண்டு பேர் மட்டும் கரையில் நின்று, நம் மைதானம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம். "எப்ப மே வத்தும்?" என்று நீ மெல்லக் கேட்பாய். யாராவது விவசாயி காதில் விழுந்திருந்தால் நம்மை அடித்திருப்பான்.

அரிசி மில்லில் மூட்டை ஏற்றுகிறவரை டிரைவர் சீட்டிலேயே சாய்ந்திருந்தாயாம். ஏற்றி முடித்து, "அண்ணே, லோடு ஆயிடுச்சி" என்று கதவைத் தட்டினார்களாம். "தூங்கறாருன்னு நெனச்சிக்கினோம்கா" என்று அந்த மில்காரர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் என்ன செய்வார்? நான் பார்த்திருந்தாலும் தூங்குகிறாய் என்றுதான் நினைத்திருப்பேன். நீ உட்கார்ந்தபடி தூங்குகிறவன்.

காரியம் முடிந்ததும் அத்தை காவாந்தண்டலத்தில் உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று, "உன்ன ரொம்பப் பேசிட்டேன். ஏரிக்குப் போனான்னா என் புள்ள சிரிச்சிக்கினே வருவான். அது எனக்குத் தெரியும்" என்றாள். என் கையைப் பிடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

இப்போது வீட்டில் நான் ஒருத்தி. ஒரு டம்ளர் அரிசி வைத்தால் இரண்டு வேளைக்கு வருகிறது. பேச்சுச் சத்தத்துக்காக டிவியைப் போட்டுவிட்டு, என்ன ஓடுகிறது என்று பார்க்காமலே அணைக்கிறேன். ஏரி வற்றியதும் ஒரு காலை பந்தை எடுத்துக்கொண்டு போனேன். உதைத்தேன். அது எதிர்ப்பக்கம் போய் விழுந்து, தன் இஷ்டத்துக்கு இரண்டு முறை துள்ளிக் கிடந்தது. நடந்து போய் எடுத்தேன். அங்கிருந்து இந்தப் பக்கம் உதைத்தேன். மறுபடி நடந்தேன். ஒருத்தியே ஆடினால் அந்த ஆட்டத்தில் பெரும்பாலும் நடைதான். ஆடு மேய்க்கிறவர் தூரத்தில் நின்று பார்த்தார். கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

போன மாதம் மாஸ்டர் போன் செய்தார். உடம்பு தேறியிருக்கிறாராம். பெண்களுக்கு ஒரு டீம் சேர்க்கிறாராம். "நீங்களும் அவனும் ஏரியில ஆடுவீங்கன்னு சொல்லியிருக்கான்மா. ஒரு ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போங்க" என்றார். இந்த வயதில் எனக்கென்ன டீம் என்று சொன்னேன். ஆனாலும் போனேன். உன்னைத் தெரிந்த ஒருவர் கூப்பிட்டு வெகு நாளாகியிருந்தது.

மைதானத்தில் காலேஜ் பெண்கள் நின்றிருந்தார்கள். மாஸ்டர் பந்தை என் கையில் கொடுத்து உதைக்கச் சொன்னார். கை தானாக நெட்டுக்குத்தாகப் பிடித்தது. உதைத்தேன். பந்து சுழன்றுகொண்டே நேராக நெடுந்தூரம் போனது. அந்தப் பெண்கள் "அக்கா!" என்று கத்தினார்கள். மாஸ்டர் மட்டும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க லெஃப்ட்டாம்மா?"

"இல்லியே சார். எழுதறது, சாப்புடறது எல்லாம் வலது கைதான்."

"உதைச்சது இடது கால். வலது கால்ல உதைங்க, பாக்கலாம்."

உதைத்தேன். வாழ்க்கையில் பந்தையே தொடாதவள் உதைத்த மாதிரி அது பக்கத்தில் போய் விழுந்தது. மாஸ்டருக்குப் புரியவில்லை. "அவன் ரைட் கால்காரன் ஆச்சே. அவன்தானே சொல்லிக்கொடுத்தான்?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது மாமா. நீ எதிரே நின்று உதைத்தாய். நான் உன்னைப் பார்த்து, உன் கால் எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கத்துக் காலையே எடுத்தேன். கண்ணாடியில் பார்த்துத் தலை சீவுகிற மாதிரி உன்னைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷமும் உன் வலது காலுக்கு எதிரே என் இடது கால்தான் எழும்பியிருக்கிறது. நீ கவனிக்கவே இல்லையா? கவனித்தும், இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டாயா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

அன்று முழுக்க ஓரமாக உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் எல்லோருக்கும் முதுகைக் காட்டி, அவர்களைப் போலவே கம்பத்தைப் பார்த்து நின்று உதைத்துக் காட்டுகிறார். அவர்கள் பின்னால் வரிசையாக நின்று, அதே பக்கம் திரும்பி, அதே காலால் உதைக்கிறார்கள். அப்படித்தான் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நன்றாகத்தான் ஆடுகிறார்கள். அவர்களில் ஒருத்திக்கும் என்னைப் போல் உதைக்க வராது. எனக்கு மட்டும்தான் எதிரே ஒருவன் நின்றிருக்கிறான்.